வலது காலுக்கு ஒரு கட்டு

ஜூலை 28

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். படித்தே ஆக வேண்டும் என்றால் படித்துவிட்டு யாருக்கும் காட்டாதீர்கள். வார்டனிடம் வேண்டாம். வல்லி மிஸ்ஸிடம் வேண்டவே வேண்டாம். என் அம்மாவிடமும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அட்டையில் ‘சமூக அறிவியல்’ என்று லேபிள் ஒட்டியிருக்கிறேன். முதல் நான்கு பக்கம் நிஜமாகவே முதல் உலகப் போர்தான்.

என் பெயர் சகாய ஜெனிட்டா. பத்தாம் வகுப்பு. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமம். பிறக்கும்போதே இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இங்கே விடுதியில் தங்கி நீச்சல் பழகுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு, மிதவைப் பலகைகள் அடுக்கி வைத்திருக்கும் சாமான் அறைக்கு வந்து எழுதுகிறேன். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. ரப்பர் நாற்றம்தான் தாங்க முடியவில்லை.

இன்று எங்கள் நீச்சல் கோச் வல்லி மிஸ் என் வலது காலுக்கு வைத்தியம் தொடங்கினார். கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை கிரேப் பேண்டேஜ் சுற்றினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

என் வலது காலுக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 2

துவைக்கும் முறை எனக்கும் மாகாளிக்கும். அவள் முழுப் பெயர் உச்சிமாகாளி. சங்கரன்கோவில் பக்கம். ஆறு வயதில் கரண்ட் கம்பியைத் தொட்டதால் இடது கை தோளோடு போய்விட்டது. இரண்டு பேருக்கும் வலது கைதான் என்பதால் துணி பிழிய எதிரெதிரே நின்று ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்குவோம். இன்று போர்வையை முறுக்கும்போது சொன்னாள்: “ஏட்டி, நமக்குக் கல்யாணம் ஆனா வளையல் கடைக்காரனுக்கு நட்டம். ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கொண்ணு போட்டுக்கிடலாம்.”

சிரித்ததில் போர்வையைக் கீழே போட்டுவிட்டேன். திரும்ப அலச வேண்டியதாயிற்று.

“காலுல என்னட்டி தடம்?” என்று கேட்டாள். சுளுக்கு என்றேன். தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 5

கட்டைக் கழற்ற மறந்து தூங்கிவிட்டேன். காலையில் பாதம் பஞ்சு மாதிரி இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 11

எண்ணைப் பற்றி எழுதினால்தான் புரியும். எங்களைப் போன்றவர்களுக்கு நீச்சலில் ஆளாளுக்கு ஓர் எண் உண்டு. உடம்பில் குறை அதிகமாக இருந்தால் எண் சிறியது. டாக்டர்கள் கை காலை அமுக்கிப் பார்த்து, பிறகு தண்ணீரில் நீந்தவிட்டுப் பார்த்து எண் போடுவார்கள். அதே எண்காரர்களோடுதான் போட்டி. முழங்கைக்குக் கீழே மட்டும் இல்லாத எனக்கு ஒன்பது. தோளோடு இல்லாத மாகாளிக்கு எட்டு.

ஐம்பது மீட்டரை நான் முப்பத்தெட்டு நொடியில் நீந்துவேன். ஒன்பதில் என்னைவிட நான்கு நொடி வேகமான பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எட்டில் மாகாளியின் நாற்பத்து நான்குதான் மாநிலத்திலேயே வேகம். தேசியப் போட்டிக்கு ஓர் எண்ணுக்கு ஒரு பெண்தான் போகலாம்.

இன்று மிஸ் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தலை பின்னிவிட்டபடியே பேசினார்.

“ஒன்பதுல நீ மூணாவது ஆளுடா கண்ணு. எட்டுல நீதான் முதல். உன் வலது கால் கொஞ்சம் வீக்குன்னு டாக்டருக்குத் தெரிஞ்சா போதும். எட்டு போட்டுருவாங்க.”

“வீக் இல்லையே மிஸ்.”

“அதுக்குத்தானே கட்டுறோம்.”

“மாகாளி எட்டாச்சே மிஸ்?”

பின்னுவதை நிறுத்தினார். “அவளை நான் பார்த்துக்கிறேன். இங்கே வந்தப்போ உன் கையைத் துப்பட்டாவுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு நின்னியே, ஞாபகம் இருக்கா? உன்னை நீச்சல் உடையில நிக்க வச்சது யாரு?”

மிஸ்தான். அது உண்மை. ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 14

கழற்ற மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். ஆளுக்கு ஒரு லட்டு. மாகாளி தன்னுடையதில் பாதியைத் தந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு தின்றுவிட்டேன்.

இன்றும் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

அம்மா வந்தாள். கருவாடும் ஒரு பாட்டில் ஊறுகாயும் கொண்டுவந்தாள். மிஸ் அம்மாவோடு தனியாக அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்த அம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை.

“மக்கா, டாக்டரு கேட்டா மூணு வயசுல ஒனக்கு ஜன்னி வந்திச்சின்னு சொல்லணுமாம். அதுலேருந்து காலு இழுக்குதுன்னு.”

“எனக்கு எப்பம்மா ஜன்னி வந்திச்சு?”

“வந்திச்சின்னு வச்சுக்க. மிஸ் நல்லதுக்குத்தான் சொல்லுது. ஒத்தக் கைப் பிள்ளைய எவன் கட்டுவான், எவன் வேலை குடுப்பான்னு ஊரே பேசுது. நீ ஜெயிச்சு வந்தா அந்த வாயெல்லாம் அடையும்லா?”

கருவாட்டை விடுதியில் இருக்கும் திண்டுக்கல் அக்காக்கள் மதியமே தீர்த்துவிட்டார்கள்.

பொய் சொன்னால் பாவம். ஊரில் இருந்தால் சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பேன். இங்கே முடியாது. அதனால் வேறு ஒன்று யோசித்தேன். கால் நிஜமாகவே பலவீனமாக இருந்தால் நான் சொல்வது பொய் ஆகாது. அப்போது மாகாளிக்கும் துரோகம் ஆகாது. எட்டுக்கும் எட்டுக்கும்தான் போட்டி.

கட்டைக் கழற்ற நான் மறக்கவில்லை. இதுவரை எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும். மிஸ் சுற்றியதற்கு மேல் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் எலும்பு முட்டி நிற்கும் இடத்தில், பல்லால் கடித்து இழுத்து நானே இன்னொரு சுற்றுப் போடுகிறேன். விடியும்வரை வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23

இன்று எண் போடும் பரிசோதனை, நாளை மாநிலப் போட்டி. காலை ஐந்து மணிக்கே போட்டி நடக்கும் குளத்துக்குப் போய்விட்டோம். பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஐஸ் நொறுக்கிப் போட்டிருந்தது. வலது காலை உள்ளே வைத்து மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐஸில் மீன் வாடை அடித்தது. அப்பாவின் படகுப் பெட்டி ஞாபகம் வந்தது. முதலில் எரிந்தது. பிறகு கால் இருப்பதே தெரியவில்லை.

பெண் டாக்டர் ஒருவர் என் பாதத்தின் மேல் கையை வைத்து, “என் கையை மேலே தள்ளும்மா” என்றார். தள்ளினேன். எவ்வளவு தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. நடித்தேனா என்றும் தெரியாது. டாக்டர், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவைப் பார்த்தார்.

“மூணு வயசுல ஜன்னி வந்து பொளைச்சது டாக்டர்,” என்றாள் அம்மா. “அதுலேருந்து இந்தக் காலு கொஞ்சம் இழுக்கும். ராத்திரியெல்லாம் மடியில போட்டு அழுதிருக்கேன்.”

கண்ணில் தண்ணீர் வேறு. நடக்காத ஒரு ராத்திரிக்காக அம்மா அழுதாள். எனக்கே ஒரு நிமிடம் ஜன்னி வந்தது போல இருந்தது.

எட்டு போட்டார்கள். அக்டோபரில் மறுபடியும் பார்ப்பார்களாம். அதுவரை தற்காலிகம்.

ஆகஸ்ட் 24

நான் முதல். நாற்பது நொடி. காலை மெதுவாக உதைக்கச் சொல்லியிருந்தார் மிஸ். மாகாளி நாற்பத்து மூன்று. அவளுடைய வாழ்நாளிலேயே நல்ல நேரம் அதுதான்.

எட்டாம் எண்காரர்களின் வரிசையில் என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “தப்பான லைன்ல நிக்க, ஓடிரு. விசில் ஊதப் போறாவ,” என்றாள். அதற்குள் ஊதிவிட்டார்கள்.

முடிந்த பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “காலு சரியில்லன்னு எங்கிட்ட ஏன்டி சொல்லல? நான் சுளுக்குன்னுல்லா எண்ணெய் தேச்சேன்.”

கோபமே இல்லை. அதுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 30

சாப்பாட்டு அறையிலிருந்து திரும்பும்போது வலது செருப்பு வழியிலேயே கழன்றிருக்கிறது. அறைக்கு வந்துதான் பார்த்தேன்.

செப்டம்பர் 3

இன்றும் செருப்பு.

செப்டம்பர் 9

படியில் கட்டை விரல் இடித்து நகம் பெயர்ந்துவிட்டது. படி ஏறும்போது காலை மற்றவர்கள் தூக்குவதை விட உயரமாகத் தூக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் பாதம் தொங்கி நுனி தட்டுகிறது. குளத்தோரம் நான் நடப்பதை மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வந்து முதுகில் தட்டினார். “சூப்பர்டா. இப்பத்தான் நல்லா வருது. டெஸ்ட் முடியறவரைக்கும் இப்படியே நட.”

இரண்டு வாரமாக நான் கட்டுப் போடுவதில்லை.

செப்டம்பர் 13

நாளை மறுநாள் காலாண்டுத் தேர்வு. ஐரோப்பாவும் ஆசியாவும் மண்டையில் ஏறவில்லை.

மாகாளியின் அப்பா வந்து வார்டனைப் பார்த்துவிட்டுப் போனார். தேசியப் போட்டிக்குத் தேர்வாகாதவர்களுக்கு அக்டோபர் பரிசோதனைக்குப் பிறகு விடுதியில் இடம் இல்லை. அது எப்போதும் இருக்கும் விதிதான். நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. இல்லை, நினைத்தேன். நினைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“ஊருக்குப் போயி எந்தப் பள்ளிக்கூடத்துல சேருவ?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடமா? சித்திக்குப் பேறுகாலமாம். பிள்ளைய ஆட்ட ஆளு வேணுமாம். ஒத்தக் கையால எப்படிப்பா தொட்டில் ஆட்டுவேன்னு அப்பாட்ட கேட்டேன். காலால ஆட்டுங்காரு.” சிரித்தாள். “எனக்குக் காலு ரெண்டும் நல்லாருக்குல்லா, அதான் வம்பு.”

நான் தலை வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 21

பயிற்சியில் நாற்பத்தாறு நொடி. இது நடிப்பு இல்லை. எனக்கு இடது பக்கம் இழுப்பு குறைவு என்பதால் உடம்பு எப்போதும் இடப் பக்கம் திரும்பப் பார்க்கும். வலது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி உதைத்துத்தான் நேராக வைப்பேன். அப்பா படகுக்குச் சுக்கான் பிடிப்பது மாதிரி. இப்போது அந்த உதை இல்லை. பாதம் தண்ணீரில் துணி மாதிரி அலைகிறது. மூன்று தடவை போய்க் கயிற்றில் மோதினேன். தோள் சிராய்த்துவிட்டது.

படுக்கையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி வைத்துக்கொண்டு இரண்டு பாதத்தையும் மேலே தூக்கு என்றேன். இடது தூக்கியது.

செப்டம்பர் 22

தூக்கவில்லை.

செப்டம்பர் 23

தூக்கவில்லை. அறிவியல் பரீட்சை சுமார்.

செப்டம்பர் 27

மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன்.

அவர் ஸ்டாப்வாட்ச்சுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். “மிஸ், கால் நிஜமாவே தூக்க வரல,” என்றேன்.

“அப்படித்தான் சொல்லணும்.”

“இல்ல மிஸ். நிஜமா.”

“என்கிட்டயே நடிக்கிறியா?” சிரித்தார். காதைப் பிடித்துச் செல்லமாகத் திருகினார். “டாக்டர்கிட்டயும் இதே முகத்தோட சொல்லு. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

அழுதேன். அதையும் நன்றாக இருக்கிறது என்றார்.

அக்டோபர் 2

விடுமுறை. குளத்தில் தண்ணீர் மாற்றினார்கள். காலியான குளத்தின் அடியில் நடந்து பார்த்தோம். அவ்வளவு ஆழமா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். மாகாளி நடுவில் போய் நின்று கத்தினாள். எதிரொலி வந்தது. நான் ஏணியில் இறங்கவில்லை. இறங்கினால் ஏற முடியாது என்று பயம்.

அக்டோபர் 10, வெள்ளி

மறு பரிசோதனை. ஐஸ் டிரம் தயாராக இருந்தது. “வேண்டாம் மிஸ்,” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் வற்புறுத்தவில்லை.

இந்தத் தடவை வேறு டாக்டர், வயதானவர். சுத்தியலால் தட்டினார். கண்ணை மூடச் சொல்லி ஊசி நுனியால் தொடையிலிருந்து கீழே குத்திக்கொண்டே வந்தார். “குத்தும்போதெல்லாம் சொல்லு” என்றார். முழங்கால் வரை சொன்னேன். பிறகு அவர் நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் பாதத்தின் மேலே நான்கு இடத்தில் ரத்தப் பொட்டு இருந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். “நரம்பு நல்லா அடிபட்டிருக்கு. எப்பலேருந்து இப்படி?”

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் திறந்தேன். சத்தியமாக.

“மூணு வயசுலேருந்து,” என்றாள் அம்மா. ஜன்னி வந்து பிழைத்தது, மடியில் போட்டு அழுதது எல்லாம் வரிசையாகச் சொன்னாள். முன்பு சொன்னதை விட நன்றாகச் சொன்னாள்.

“அப்ப இனிமே பெரிசா எதிர்பார்க்க முடியாது,” என்று சொல்லி டாக்டர் எழுதிக்கொண்டார். “எட்டு சரிதான். நிரந்தரம். இனி டெஸ்ட் வேண்டாம்.”

அம்மா கும்பிட்டாள். மிஸ் கும்பிடவில்லை. அந்த ரத்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு விடுதிக்குத் திரும்பும்போது மிஸ் கேட்டார்: “ரெண்டு மணி நேரம்தானே கட்டச் சொன்னேன்?”

“ராத்திரி முழுக்கக் கட்டினேன் மிஸ்.”

“யார் சொல்லி?”

“யாரும் சொல்லல.”

வாய்க்கால் பாலம் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. “நான் கட்டச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு ஜெனி.” பிறகு மெதுவாக, “நீ ராத்திரியில எதையோ உக்காந்து எழுதறேன்னு பொண்ணுங்க சொல்றாங்களே, என்ன அது?” என்றார்.

சமூக அறிவியல் என்றேன்.

அக்டோபர் 11

மாலையில் குளித்துவிட்டு வந்தால் என் பெட்டியில் எல்லாம் மடிப்புக் கலைந்து கிடந்தது. பாவாடை, புத்தகம், ஜெபமாலை எல்லாம் வெளியே. நோட்டு பெட்டியில் இல்லை, சாமான் அறைப் பலகைகளுக்கு நடுவில் இருந்தது. தப்பித்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

சாமான் அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நாளைக் காலை மாகாளியின் அப்பா அவளை அழைத்துப் போக வருகிறார். இன்று அவள் பெட்டியை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். பெல்ட்டை இழுத்துக் கட்ட இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். தன் நீச்சல் கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினாள். “ஒன்னோடதுல பனி பிடிக்கும்லா. இதப் போட்டுக்கிட்டுப் போ. டெல்லிக்காரிவளப் பாத்து மிரண்டுறாத.”

“நான் ஜெயிக்க மாட்டேன்டி,” என்றேன். “எனக்கு இப்ப நாப்பத்தாறு.”

“அப்படின்னா ஏன் போற?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “ஏட்டி, என்ன செஞ்ச?”

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

வார்டன் அறைப் பலகையில் பார்த்தேன். பெயர்ப் பட்டியலை மாற்ற நாளை மாலை ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது. நான் விலகினால் அடுத்த பெயர் மாகாளி. ஆனால் காரணம் இல்லாமல் விலக விட மாட்டார்கள், கோச் கையெழுத்து வேண்டும். மிஸ் போட மாட்டார். நான் ஏமாற்றினேன் என்று நீச்சல் சங்க அலுவலகத்தில் நானே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவார்களா? காலைக் காட்டச் சொல்வார்கள். கால் எட்டு என்றுதான் சொல்லும். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா அழுதிருக்கிறாள். ஜூலை மாதம் எனக்கு நல்ல கால் இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த நோட்டு மட்டும்தான்.

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மிஸ்ஸைப் பிடிப்பார்கள். அம்மாவையும் கேட்பார்கள். என்னை இனி எந்தக் குளத்திலும் இறங்க விட மாட்டார்கள். இறங்கினாலும் நேராகப் போக எனக்கு வராது. அது முடிந்துவிட்டது. எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, முடிந்துவிட்டது.

முதலில் மாகாளியிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கே. அவள் என்னை அடித்தாலும் பரவாயில்லை. என் கால் சரியாகத்தான் இருந்தது, நீ எண்ணெய் தேய்த்த அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் காலையில் அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு

கதவு தட்டுகிறார்கள்.

மாகாளி குரல்தான். “ஏ ஜெனி, உள்ள நீதான இருக்க? பயப்படாத, நான்தான். தொறட்டி.”

அவள்தான். நானே சொல்ல நினைத்தேன், அவளே வந்துவிட்டாள். எழுந்து போய்த் திறக்கப் போகிறேன்.

இல்லை. அவள் மட்டும் இல்லை. “நோட்டும் இருக்கான்னு கேளு” என்று கதவுக்கு வெளியே அவளிடம் மெதுவாகச் சொல்வது மிஸ்